தெ-ஷ்வோவின் கணப்பு

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். மே மாத வெயிலில் நிறுத்தி வைத்த அம்பாசடரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லே வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கும் அறுபது வயது வரை அப்படித்தான் இருந்தது. 2012 பிப்ரவரியில் பிரான்சில் என் அண்ணன் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். காருக்குள் வரும் சூடான காற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அது சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பழக்கம் அப்படி.

அண்ணன் அங்கே போன கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்தொரு வயதான அண்ணன் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது, என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா' ஆகி, கடைசியில் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். நான் பிரெஞ்சுப் பள்ளியிலேயே படித்து முடித்து, இங்கே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களையும் எத்தா சிவில் பதிவேடுகளையும் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. முப்பத்து நான்கு வருடம் அந்த வேலைதான்.

அண்ணன் குடியிருந்தது கிளெர்மோன்-ஃபெரான் நகருக்கு வெளியே ஒரு சின்ன ஊரில். கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டிய பேராலயம் உள்ள நகரம் அது. பஸ்கால் பிறந்த ஊரும் அதுதான். பக்கத்தில் இருக்கும் புய்-த-தோம் மலையில் 1648-ல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏறியது பஸ்கால் இல்லை, அவருடைய அக்காள் கணவர் என்பதை மட்டும் வாத்தியார் சொல்லித் தரவில்லை. யோசனை ஒருவருடையது, மூச்சு வாங்கியது இன்னொருவருக்கு.

மிஷலின் டயர் கம்பெனியின் ஊரும் அதுவே. நம் கதைக்கு வேண்டியது இதுதான். 1934-ல் சித்ரோயன் கார் கம்பெனி கடனில் மூழ்கியபோது, அதற்குக் கடன் கொடுத்திருந்தவர்களில் பெரியவரான மிஷலின் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. மிஷலினிலிருந்து போய் அங்கே பொறுப்பேற்றவர்களில் ஒருவர் பியேர்-ஜூல் பூலான்ஜே. குதிரை வண்டியும் கைவண்டியுமாகச் சந்தைக்குப் போய்வந்த நாட்டுப்புற விவசாயிக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். இரண்டு குடியானவர்கள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. இதுதான் அவர் பொறியாளர்களுக்குக் கொடுத்த கணக்கு என்று சொல்வார்கள்.

1939-ல் சுமார் 250 மாதிரி வண்டிகள் தயாரான நேரத்தில் யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பெரும்பாலானவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஒளித்து வைத்தார்கள். அவற்றில் மூன்று, 1990-களின் நடுவில் லா ஃபெர்த்தே-விதாம் என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தின் பரணில் கிடைத்தன. அந்த முதல் மாதிரிகளுக்கு ஒற்றை முன்விளக்கு, தண்ணீரால் குளிரும் எஞ்சின். யுத்தம் முடிந்து 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் குடியரசுத் தலைவர் வன்சான் ஓரியோல் முன்னிலையில் திரை விலகியபோது தண்ணீர் போய்விட்டிருந்தது. வால்தேர் பெக்கியா என்பவர் வடிவமைத்த, காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் எஞ்சின் வந்திருந்தது. 375 சிசி, ஒன்பது குதிரைத்திறன். வரிக் கணக்கில் இரண்டு குதிரை. அதனால்தான் தெ-ஷ்வோ, அதாவது இரண்டு குதிரை என்ற பெயர். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கிராமத்து டாக்டருக்கும் பாதிரியாருக்கும் முன்னுரிமை, மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரை எடுத்துவிட்டது நல்ல யோசனைதான். ரேடியேட்டர் இல்லை, எனவே குளிர்காலத்தில் உறைந்து வெடிக்க ஒன்றுமில்லை. குடியானவன் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூடவே போகும். காரில் உட்காருகிறவர்களைக் கதகதப்பாக வைக்க மற்ற கம்பெனிகள் எதைப் பயன்படுத்தின? எஞ்சினைச் சுற்றி வந்த அந்தச் சூடான தண்ணீரைத்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோச்சு வண்டிக் காலத்தில் காலடியில் தணல் போட்ட பெட்டி வைத்துக்கொள்வார்கள். ரயில் வந்தபோது வெந்நீர் நிரப்பிய உலோகக் கலங்களைப் பயணிகளின் காலடியில் வைத்து, வழியில் ஸ்டேஷன்களில் மாற்றினார்கள். முதல் கார்களுக்குக் கூரையே கிடையாது. ஓட்டுகிறவர்கள் ஆட்டுத் தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு கரடி போல உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கூரையும் கதவும் வந்த பிறகு, எஞ்சினிலிருந்து போகும் புகைக்குழாயின் சூட்டைத் தரையில் ஒரு கம்பி வலை வைத்து உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு வெந்நீர் முறை வந்தது. அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1938-ல் வெளிக்காற்றை எடுத்து, வடிகட்டி, வெந்நீர்க் குழாய்மேல் ஓடவிட்டு உள்ளே அனுப்பியது. இன்றைய கார்களில் இருப்பது கிட்டத்தட்ட அதன் பேரப்பிள்ளைதான்.

தண்ணீர் இல்லாத தெ-ஷ்வோவுக்கு அந்த வழி இல்லை. அதனால் பழைய வழிக்கே போனார்கள், ஆனால் புத்திசாலித்தனமாகப் போனார்கள். எஞ்சினுக்கு முன்னால் ஒரு காற்றாடி இருக்கிறது. அது இரண்டு பக்கமும் சிலிண்டர்மேல் காற்றை ஊதுகிறது. சிலிண்டரைத் தொட்டுச் சூடான அந்தக் காற்று, புகைக்குழாயைச் சுற்றி மூடிய ஒரு தகரப் பெட்டிக்குள் போய் இன்னும் சூடாகிறது. பெட்டியில் ஒரு தகட்டுக் கதவு. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள குமிழை இழுத்தால் கேபிள் அந்தக் கதவைத் திருப்பும், காற்று அட்டையும் அலுமினியத் தாளும் சேர்ந்த ஒரு குழல் வழியாகக் காருக்குள் வரும். குமிழை உள்ளே தள்ளினால் காற்று ரோட்டுக்குப் போய்விடும். தனியாக மின்விசிறி இல்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் சூடு வரும், சிக்னலில் நின்றால் வராது. மலையிலிருந்து இறங்கும்போதும் வராது. குளிர்காலத்தில் முன்பக்கக் கிரில்லை மூட ஒரு மூடியும் உண்டு. அதை மாட்டினால் குளிர்காற்று குறைவாக நுழையும், எஞ்சின் சீக்கிரம் சூடாகும். வெயில் வந்ததும் கழற்ற மறந்தால் எஞ்சின் போய்விடும்.

விஷயம் எளிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் சுவாசிக்கப் போகும் காற்றுக்கும் எஞ்சின் கக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது ஒரு குழாயின் கனம்தான்.

அண்ணனுடையது 1982-ல் வாங்கிய வண்டி, 602 சிசி, 29 குதிரைத்திறன். துணிக் கூரை, கழற்றி வயலில் போட்டு உட்காரக்கூடிய சீட்டுகள், பாதியாக மேலே மடியும் ஜன்னல்கள். அந்த வண்டியை அவர் வைத்திருந்தது பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லை. பட்டாளத்துக் கணக்கை முடித்து வந்த பணத்தில் முதலில் வாங்கிய சொத்து அதுதான். வேறு கார் வாங்கிய பிறகும் அதை விற்கவில்லை. நான் போயிருந்த சமயம் அந்த வேறு கார் மகன் வீட்டில் இருந்தது.

அந்தப் பிப்ரவரி ஐரோப்பா முழுவதும் கடும் குளிர். அண்ணன் ஊரில் சைபருக்குக் கீழே பத்து டிகிரியைத் தாண்டிப் போன இரவுகளும் உண்டு. நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, தலைக்கு அண்ணி பின்னிய குல்லா, இவ்வளவும் போட்டுக்கொண்டு அந்தக் காரில் உட்கார்ந்தால் கால் விரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. வலது பக்கம் லேசாகச் சூடு வரும், இடது பக்கம் ஒன்றுமே வராது.

அண்ணன் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், குளிர் நுழையும் வழிகளை அடைப்பது. கண்ணாடிக்குக் கீழே காற்று வர ஒரு நீளமான கதவு உண்டு, அதன் இடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்தார். கதவு ஓரங்களில் கம்பளிப் பட்டை ஒட்டினார். கிரில்லை மூடினார். காரை ஒரு டப்பாவாக ஆக்கிவிட்டார்.

அண்ணிக்குத் தலைவலி வந்துகொண்டே இருந்தது. டாக்டர் கண்ணைச் சோதிக்கச் சொன்னார், புதுக் கண்ணாடியும் வாங்கியாயிற்று. சந்தைக்குப் போய்வரும் நாளில்தான் வலிக்கிறது என்று அண்ணி சொன்னபோது, "சந்தைக் கூட்டத்தில் எனக்கும்தான் வலிக்கும்" என்று அண்ணன் சிரித்தார். காரில் ஒரு நாற்றம் இருந்தது உண்மை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "எஞ்சின் ஆயில் கசிஞ்சு சூடான தகரத்துல படுது. தெ-ஷ்வோன்னா அப்படித்தான் தம்பி." அது பொய்யும் இல்லை. அந்த எஞ்சினில் ஆயில் கசிவது சகஜம், அந்த வாசனை ஹீட்டர் வழியாக உள்ளே வருவதும் சகஜம். அந்தச் சகஜமான வாசனைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ள முடியும் என்பதுதான் சங்கடம்.

ஒரு சனிக்கிழமை. அண்ணன் பேத்திக்கு ஐந்து வயது. பனி காட்டுகிறேன் என்று அவளையும் எங்களையும் மலைப்பக்கம் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது குழந்தை பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். நாற்பது நிமிட ஓட்டம். வீட்டு வாசலில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால் மடிந்தது. இரண்டு மூன்று முறை பெயர் சொல்லி உலுக்கிய பிறகு கண்ணைத் திறந்து, அங்கேயே வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு வலி. அண்ணி முன் சீட்டிலிருந்து இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவர் வழி முழுக்கத் தன் பக்கத்து ஜன்னலை மடித்துவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வெளிக்காற்றில் நின்ற கால் மணி நேரத்தில் குழந்தை சரியாகி, சூப் கேட்டாள். மலைப்பாதை வளைவு, அதனால் வாந்தி என்று சொல்லிக்கொண்டோம். அன்றே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கேயோ படித்த கதை இது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு நினைவு வந்தது. ஸோலா.

எமில் ஸோலாவைப் பள்ளியில் படித்தவன் நான். நிரபராதியான கேப்டன் திரைஃபுஸுக்காக 1898-ல் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதிப் பாதி நாட்டின் பகையைச் சம்பாதித்தவர். 1902 செப்டம்பர் 28-ல் கோடை வீட்டிலிருந்து பாரிசுக்குத் திரும்பினார். படுக்கையறையில் கணப்பு மூட்டியிருந்தார்கள். நடுராத்திரியில் அவருக்கும் மனைவிக்கும் உடம்பு என்னவோ செய்தது. வேலைக்காரர்களை எழுப்பலாமா என்று மனைவி கேட்க, வேண்டாம், காலையில் சரியாகிவிடும் என்று தடுத்துவிட்டார். ஜன்னலைத் திறக்க எழுந்தவர் தரையில் விழுந்தார். காலையில் கதவை உடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. மனைவி பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் அதே அறையில் கணப்பு மூட்டி, கினிப் பன்றிகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவை சாகவில்லை. புகைபோக்கியில் பெரிய அடைப்பும் இல்லை. விபத்து என்று முடித்தார்கள். 1953-ல் ஒரு பாரிஸ் நாளேடு வேறு கதையை வெளியிட்டது. கூரை வேலை செய்த ஒருவர் புகைபோக்கியை முந்தின நாள் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் யாரும் பார்க்காமல் அடைப்பை எடுத்துவிட்டதாகத் தன் நண்பரிடம் சாகும் முன் சொன்னாராம். உண்மையோ இல்லையோ, சோதனை செய்த நேரத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்ற ஒரு விஷயம் என் மனதில் தங்கியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், குளோத் பெர்னார், 1850-களில். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினை அது பற்றிக்கொள்கிறது. கொஞ்சமாக இருந்தால் தலைவலி, குமட்டல், தூக்கம். அதிகமானால் தூங்கியவர் எழுவதில்லை.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று மாதம் முன்புதான் ஒரு கராஜில் காட்டினாராம், நாற்றமே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கட்டாயப் பரிசோதனையின் காகிதத்தையும் எடுத்துவந்து மேசைமேல் போட்டார். அதில் புகை அளவு சரி என்றுதான் இருந்தது. நான் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வால்பக்கத்துல வர்ற புகையை அளந்தது. நாம உக்காந்திருக்கிற இடத்தை யாரும் அளக்கலையே" என்றேன். கராஜில் பார்த்தபோது ஹீட்டர் குமிழை இழுத்து வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். "உள்ள தள்ளித்தான் இருந்தது. ஷெட்டுக்குள்ள எதுக்கு ஹீட்டர்?" என்றார். தள்ளியிருந்தால் காற்று ரோட்டுக்குத்தானே போகும், எப்படி நாறும்? ஸோலா அறையின் கினிப் பன்றிகள்தான் என் கண்முன் வந்தன.

"நீ பாண்டிச்சேரில உக்காந்து ஃபைல் பாத்தவன். ஐம்பது வருஷம் வண்டி ஓட்டினவனுக்குச் சொல்ல வந்துட்ட" என்றார் அண்ணன். எனக்கும் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி வந்து, "யாரு சொன்னா என்ன? குழந்தையை இனிமே அந்தக் கார்ல நான் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் கதவைத் தட்டும் சத்தம். அண்ணன் நீல ஓவரால் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு புத்தகம். ரெவ்யூ தெக்னிக் ஓட்டோமொபீல், அந்த மாடல் வண்டிக்கான பழுதுபார்க்கும் கையேடு. முப்பது வருடமாக அலமாரியில் இருந்தது, அட்டைகூட நலுங்கவில்லை. "நீ படி. நான் கழட்டறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணன் அந்த நாட்டுக்காரர் போலவே பிரெஞ்சு பேசுவார். ஆனால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், இவ்வளவு கனமான புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அங்கே போய் வாழ்ந்தவர் அவர். படித்தவன் இங்கேயே இருந்துவிட்டேன். இதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன், புரியாத இடத்தைத் தமிழில் சொன்னேன். நொத்தேர் எழுதிய நூறு வருடத்துப் பத்திரத்தைவிட இது சுலபமாகவே இருந்தது. கையேடு எழுதியவனுக்கு 'மேற்படி', 'மேற்சொன்ன' என்று நீட்டி முழக்கும் வழக்கம் இல்லை.

தெ-ஷ்வோவின் ஒரு பெருமை, முன் மட்கார்டைச் சில போல்ட்டைக் கழற்றினால் கையோடு எடுத்துவிடலாம். இடது பக்கம் முதலில் எடுத்தோம். தகட்டுக் கதவின் கேபிள் உறையோடு சேர்ந்து துருப்பிடித்து ஒரே கம்பியாகிவிட்டது. கதவு மூடின நிலையிலேயே சிக்கியிருந்தது. அந்தப் பக்கம் சூடு வராததற்குக் காரணம் அதுதான். வலது பக்கத்தில் கதவு சரியாகத் திரும்பியது, ஆனால் காற்றுக் குழல் பாதி கிழிந்து, டேப் சுற்றியிருந்தது. "இது நான் சுத்தினதுதான்" என்றார் அண்ணன். எந்த வருடம் என்று அவருக்கே நினைவில்லை.

குழலை எடுத்துவிட்டு டார்ச்சை உள்ளே அடித்தேன். புகைக்குழாய் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்து, நடுவில் இருந்த கேஸ்கட் ஒரு ஓரத்தில் கரைந்து போயிருந்தது. அங்கிருந்து காற்று போகும் திசையில் விசிறி போலக் கறுப்புக் கரி படிந்திருந்தது. பெட்டிக்குள்ளேயும் குழாய் ஓரிடத்தில் துருவேறி, ஸ்குரூ டிரைவரால் தட்டியதும் முனை உள்ளே போய்விட்டது. அண்ணன் அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய்க் கொட்டகை வாசலில் ரொம்ப நேரம் நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் சிகரெட் பற்றவைப்பார். அன்று பற்றவைக்கவில்லை.

கணக்கு இப்போது நேராகிவிட்டது. ஒரு பக்கம் சூடே இல்லை, மறு பக்கம் பாதிச் சூடு. குளிர் தாங்காமல் அண்ணன் காரை அடைத்தார். அடைத்த காருக்குள் பாதிச் சூட்டோடு புகையும் வந்தது. வலது பக்கக் குழல் முன் சீட்டில் அண்ணியின் காலடியில் திறக்கிறது. ஹீட்டரின் கோளாறு குளிர் மட்டும் என்று நினைத்து அதற்குச் செய்த வைத்தியம்தான் புகையை உள்ளே பூட்டி வைத்தது.

இந்த ஆபத்து தெ-ஷ்வோவுக்கு மட்டும் உரியது இல்லை. காற்றால் குளிரும் எஞ்சினுள்ள பல கார்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஆரம்பத்தில் எஞ்சினைக் குளிர்வித்த காற்றையே உள்ளே அனுப்பியது, 1960-களின் தொடக்கத்தில் அதை மாற்றிப் புகைக்குழாயைச் சுற்றி ஓடும் தனிக் காற்றை அனுப்பினார்கள். அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் காரிலும் சிலிண்டரைத் தொட்ட காற்றே உள்ளே வந்ததால், ஏதாவது ஒரு சீல் தேய்ந்தால் புகை சேர்ந்து வரும் என்ற புகார் பின்னால் எழுந்தது. 1961-ல் வந்த ரெனோ 4 தண்ணீர் எஞ்சின் வைத்துத் தெ-ஷ்வோவோடு போட்டி போட்டது. அதன் ஹீட்டரில் கசிந்தால் காலில் வெந்நீர்தான் படும்.

பழுது பார்த்த கதையை நீட்டவில்லை. இரண்டு பக்கமும் புதுப் பெட்டி, புதுக் குழல், கேபிள், கேஸ்கட், கிளாம்ப் எல்லாம் தபாலில் வரவழைத்தோம். வண்டி உற்பத்தி 1990 ஜூலையில் போர்ச்சுகலின் மங்குவால்தே ஆலையோடு நின்றுவிட்டாலும், மொத்தம் 38 லட்சத்துக்கு மேல் ஓடிய காருக்கு இன்றும் சாமான் கிடைக்கிறது. இருநூறு யூரோவுக்கு மேல் ஆயிற்று. பழைய போல்ட்டுகளைக் கழற்றத்தான் இரண்டு நாள் போனது. சிலிண்டர் தலை அலுமினியம், அவசரப்பட்டால் ஸ்டட் முறிந்துவிடும். எண்ணெய் விட்டு, காத்திருந்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய். எழுபத்தொரு வயதுக் கை குளிரில் விறைத்துவிடும். அண்ணி காபி கொண்டுவருவார், அவர் குடிக்காமல் டம்ளரைக் கைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்வார். ஒரு ஸ்டட்கூட முறியவில்லை. அதை அவர் பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மாட்டி முடித்ததும் சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே கிளப்பி, தடிமனான ஈரத் துணியால் வால்குழாயைச் சில விநாடி மூடிப் பிடிக்க வேண்டும். எங்காவது கசிவு இருந்தால் 'புஸ் புஸ்' என்று முன்பக்கம் கேட்கும். துணியைப் பிடித்தது நான், காது வைத்தது அண்ணன். முதல் தடவை பின் கிளாம்ப்பில் கேட்டது. இறுக்கினோம். இரண்டாவது தடவை எஞ்சின் மூச்சுத் திணறி நின்றதே தவிர எங்கும் கசியவில்லை. வீட்டுக்கு மாட்டும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றையும் வாங்கி வந்திருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, குமிழை முழுக்க இழுத்துவிட்டு, ஊரைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஓட்டினோம். எண் பூஜ்யத்திலேயே நின்றது. இரண்டு பக்கமும் சூடு வந்தது. அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டார். கதவோரத்துக் கம்பளியை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழே அடைத்த துணியைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

அண்ணிக்குத் தலைவலி நின்றது. புதுக் கண்ணாடியால் நின்றது என்று கடைசி வரை அவர் கண் டாக்டரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நாங்கள் மறுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிப் பெட்டியைப் பிரித்தபோது என் துணிகளுக்கு நடுவே அந்தக் கையேடு இருந்தது. நானே தவறிப் போட்டுக்கொண்டேனா, அவர் வைத்தாரா தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "இருக்கட்டும், எனக்கு எதுக்கு" என்றார். ஹீட்டர் பக்கத்தில் அவருடைய கறுப்புக் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பத்திரங்களில் பார்த்தது போலவே இருக்கும்.

அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டி இப்போது அந்தப் பேத்தியிடம். போன மாதம் கூப்பிட்டாள். பிரெஞ்சில்தான் பேசுவாள், 'சின்னத் தாத்தா' மட்டும் தமிழில் வரும். இடது பக்கம் சூடு வரவில்லையாம். கேபிளா, குழலா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முதலில் ஜன்னலை மடித்துவிடு, குமிழை உள்ளே தள்ளு, பிறகு மட்கார்டைக் கழற்று என்றேன். அவள் போனை ஃபெண்டர்மேல் வைத்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனாள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தேன்.